நாற்பத்தோரு கையெழுத்து

அத்தியாயம் – 12

போன வாரம், பழுப்பு உறையும் கையுமாகத் தபால் நிலையத்துப் படியேறிய நிதானத்தை அங்கேயே நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். மனிதர் அதன்பிறகு வரிசையில் நின்று, உறையை ஒட்டி, பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டுத்தான் வீடு திரும்பினார். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. பொறுமைசாலிகள் ரகசியம் வைத்துக்கொண்டால் அது பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக்கூடத் தெரியாது.

நிதானம் என்பது அவர் பேருந்தில் ஏறுகிறவர்கள் வைத்த பெயர். ஆறாம் தடத்தில் இருபது வருடமாக வண்டி ஓட்டுகிறார். பிரேக்குக்குப் பயந்து கம்பியைப் பிடித்த பயணி ஒருவர்கூட இல்லை. வேலைக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கியவர்கள் நிறைய. அந்த வண்டியில் விழுந்து அடிபட்டவர் ஒரே ஒருவர், அதுவும் மழைநாளில், ஈரக் குடைகள் சொட்டிய தண்ணீரில் வழுக்கி. அன்றைக்கு நிதானம் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

அவர் மனைவி ரப்பர் பட்டறையில் அச்சு செய்கிறவள். குழாய்க்கு வாஷர், பாட்டிலுக்கு மூடி, நாற்காலிக் காலுக்குக் குல்லா என்று எதைக் கேட்டாலும் பித்தளையை அரத்தால் ராவி அச்சு எடுத்துவிடுவாள். பட்டறையில் அவள் அச்சக்கா. நாமும் அப்படியே கூப்பிடுவோம். கணவர் சாப்பிடாமல் உட்கார்ந்த அந்த வாரமே குடையின் நுனிக்கு ஒரு ரப்பர்க் கிண்ணம் செய்ய ஆரம்பித்தாள். குடை விரிந்திருக்கும்போது அது தட்டையாகச் சுருங்கிக் கிடக்கும். மடக்கினால் தானாக எழுந்து நின்று சொட்டுகிற தண்ணீரை வாங்கிக்கொள்ளும். அப்படி எழுவதற்கு உள்ளே ஒரு சின்ன நாக்கு. அந்த நாக்கு சரியாக வருவதற்குள் பத்து அச்சு பாழாயிற்று. பதினோராவதுதான் பலித்தது. அந்தக் கிண்ணம் மாட்டிய பத்துக் குடைகளை, மழையில் வருகிறவர்களுக்காக நிதானம் தன் வண்டியில் தொங்கவிட்டார்.

பிறகு அந்தக் கிண்ணத்துக்குக் காப்புரிமையும் வாங்கினாள். ஐந்து மாதத்துக்கு முன்பு ஒரு பெரிய குடைக் கம்பெனி அதே கிண்ணத்தை, அதே நாக்கோடு, பன்னிரண்டு நிறத்தில் கடைக்குக் கொண்டுவந்தது. கேட்டதற்கு, எங்கள் ஆராய்ச்சிப் பிரிவு உங்களுக்கு முன்பே செய்துவிட்டது, உங்கள் உரிமைதான் செல்லாது என்று எதிர் மனு போட்டது. வருகிற திங்கட்கிழமை விசாரணை. உரிமை நிலைத்தால் இரண்டு இயந்திரங்களை அவள் குடைக்கென்றே ஒதுக்கி, அவளையே பொறுப்பாக வைப்பதாகப் பட்டறை முதலாளி வாக்குக் கொடுத்திருக்கிறார். முப்பது வருடம் அடுத்தவர் பெயரில் அச்சு செய்தவளுக்கு முதல் முறையாகத் தன் பெயரில் ஒரு பொருள்.

புதன்கிழமை காலை, நிதானம் சீருடைச் சட்டையின் பையிலிருந்து பதிவுத் தபாலுக்குத் திரும்பி வந்த ஒப்புகை அட்டையை எடுத்து மனைவி முன்னால் வைத்தார்.

"என்னங்க இது?"

"முத்திரையைப் பாரு. கம்பெனி முத்திரை. நான் அனுப்புனது போய்ச் சேந்துடுச்சு."

"நீங்க என்ன அனுப்புனீங்க?"

"சாட்சி!" என்றார் நிதானம். அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டதே இல்லை, இப்போது உயர்ந்தது. "நாப்பத்தொரு பேரு. எல்லாரும் நம்ம வண்டில வர்றவங்க. உன் குடையை எப்பலேருந்து புடிக்கறோம்னு தேதியோட எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காங்க. நீ விண்ணப்பம் போடறதுக்கு எட்டு மாசம் முன்னாடிலேருந்து! ஆராய்ச்சிப் பிரிவாம். இப்ப சொல்லட்டும் யாரு முதல்னு."

"வக்கீலம்மாகிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டா இழுத்தடிப்பாங்க. விசாரணை ஆபீசுக்கும் ஒரு நகல் அனுப்பிட்டேன். வக்கீலம்மாவுக்கு ஒண்ணு நீ கொண்டுபோய்க் கொடு, ஆச்சரியப்படட்டும்."

அச்சக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மாதமாக ஒவ்வொரு நடையிலும் ஒவ்வொருவராகப் பிடித்து, வண்டி நிற்கிற நேரத்தில் பேனாவை நீட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்படி ஒரு மனிதரோடு வாழ்வதற்கு என்ன புண்ணியம் செய்தேனோ என்று தோன்றியது. வாசல்வரை போய் வழியனுப்பினாள். அது அவள் தினமும் செய்கிற வேலை இல்லை.

பதினொரு மணிக்குப் பட்டறைக்கு வக்கீலம்மாவின் தொலைபேசி வந்தது. "கையில இருக்கற வேலையைப் போட்டுட்டு உடனே வாங்க" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

வக்கீலம்மாவின் அறை ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருக்கிறது. ஒரு மேசை, மூன்று நாற்காலி, கூரைவரை கோப்புகள். அவர் ஒரே ஒரு தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். கம்பெனியின் புது மனு. அதில் கோடு போட்ட வரி ஒன்றுதான்: உரிமையாளரின் கணவர் அனுப்பிய நாற்பத்தோரு வாக்குமூலங்களையும் நாங்கள் முழுமையாக ஏற்றுக்கொள்கிறோம்.

அச்சக்கா அதை இரண்டு தடவை படித்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"ஒத்துக்கிட்டாங்களா! அப்ப நாம ஜெயிச்சுட்டோமா மேடம்?"

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

"உக்காருங்க. காப்புரிமை கேக்கற பொருள், கேக்கற நாள்வரைக்கும் வெளியே யாருக்கும் தெரியாம புதுசா இருக்கணும். அதுதான் முதல் நிபந்தனை. ஞாபகம் இருக்கா? விண்ணப்பம் எழுதும்போது நான் கேட்டேன்."

"கேட்டீங்க."

"வெளியே யாருக்காவது காட்டினீங்களான்னு கேட்டேன். இல்லைன்னு சொன்னீங்க."

"காட்டலையே மேடம். கடைக்குக் கொடுக்கல, பொருட்காட்சில வைக்கல…"

"பஸ்ல பத்துக் குடை தொங்கியிருக்கு. எட்டு மாசம். குடை இல்லாதவங்க எடுத்துட்டுப்போய் மறுநாள் கொண்டாந்து மாட்டியிருக்காங்க."

"ஆமா. ஆனா அது…" அச்சக்கா திணறினாள். "அது வெளியன்னு எனக்குத் தோணவே இல்ல மேடம். அது அவரு வண்டி."

சிரிக்காதீர்கள். இருபது வருடமாக அவள் வீட்டுப் பேச்சில் அது 'நம்ம வண்டி'. யார் எந்த நிறுத்தத்தில் ஏறுவார், யாருக்கு முழங்கால் வலி, யார் மகளுக்கு வேலை கிடைத்தது என்று ராத்திரிச் சாப்பாட்டில் தினமும் அந்தக் கதைதான். அவளுக்கு அது வீட்டின் இன்னொரு அறை. சட்டத்துக்கு அது பொது இடம்.

"செஞ்சது நான்தானே மேடம்? என் பொருளை நானே வெளியே கொண்டுபோனா என் உரிமை போயிடுமா?"

"செஞ்சது நீங்கதான்னு இப்ப எல்லாரும் ஒத்துக்கறாங்க. அவங்க முதல்ல செஞ்சதாச் சொன்னதை நேத்தே வாபஸ் வாங்கிட்டாங்க. அது அவங்களுக்கு இனிமே தேவையில்ல. நீங்க கேக்கறதுக்கு எட்டு மாசம் முன்னாடியே இது ஊருக்குப் பொதுவாயிடுச்சு, பொதுவான பொருளுக்குத் தனி உரிமை கொடுத்தது செல்லாது, ரத்து பண்ணுங்கன்னு கேக்கறாங்க. ரத்தானா நீங்களும் செய்யலாம், அவங்களும் செய்யலாம், யாரு வேணா செய்யலாம்."

"இது அவங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது," என்றார் வக்கீலம்மா. "அவங்ககிட்ட ஒரு துரும்பும் இல்ல. போன வாரம்வரைக்கும் நாம ஜெயிக்கற நிலைமைல இருந்தோம்."

வக்கீலம்மா நகல்களைப் புரட்டி ஒவ்வொன்றாகக் காட்டினார். தாள் நிறைய அன்பு. மூன்றாம் எண், துணிக்கடை ஊழியை: "வீட்டுக்குக் கொண்டுபோய்த் தெருவில் எல்லோருக்கும் மடக்கிக் காட்டினேன். அசந்துபோனார்கள்." இருபத்தொன்பதாம் எண், காவல்காரர்: "சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது ஓட்டுநர் தாமே செய்து காட்டினார். தங்கமான மனிதர்." பதினேழாம் எண் பள்ளிக்கூட ஆசிரியர். அவர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார்: "கிண்ணத்தைக் கழற்றி, உள்ளே நாக்கு எப்படி வேலை செய்கிறது என்று வகுப்பில் படம் வரைந்து விளக்கினேன்." படத்தையும் இணைத்திருந்தார். அச்சக்காவே அவ்வளவு துல்லியமாக வரைந்ததில்லை.

"இது ஒண்ணே போதும்," என்று வக்கீலம்மா பதினேழாம் எண்ணின் மேல் விரலை வைத்தார்.

"ஒரு வழியும் இல்லையா மேடம்?"

வக்கீலம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஒண்ணு இருக்கு. குடையைக் கொடுக்கும்போதே, இது இன்னும் சோதனைல இருக்கு, யாருக்கும் காட்டக்கூடாது, உள்ளே பிரிச்சுப் பாக்கக்கூடாதுன்னு அவர் சொல்லிக் கொடுத்திருந்தா, அது வெளியிட்டதா ஆகாது. சொல்லியும் அவங்க மீறிக் காட்டியிருந்தா, தப்பு அவங்களோடது. உங்க உரிமை நிக்கும். அவர் சொல்லியிருந்தா மட்டும்தான். நான் எதையும் சொல்லிக்கொடுக்க முடியாது. கேட்டுட்டு வந்து சொல்லுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதித் தாக்கல் பண்ணணும்."

அச்சக்கா படியிறங்கியபோது செருப்புக் கடையில் யாரோ ஒரு ஜோடியைப் போட்டு நடந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். உலகம் அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. அவளுக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. பட்டறைக்குத் திரும்பினால் முதலாளி முகத்தைப் பார்க்க வேண்டும். வீட்டுக்குப் போனால் சுவரைப் பார்க்க வேண்டும். கால் தானாக நாத்தனார் வேலை செய்யும் கடைக்குப் போயிற்று.

நிதானத்தின் தங்கை அந்தப் பெரிய கடையின் மூன்றாம் தளத்தில், குடையும் மழைச்சட்டையும் விற்கிற பகுதியில் நிற்கிறாள். முப்பத்தைந்து வயது, அண்ணன் வீட்டிலேயே இருக்கிறாள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். கம்பெனியின் பன்னிரண்டு நிறக் குடையை முதலில் பார்த்து ஓடிவந்து சொன்னது அவள்தான். விதியைப் பாருங்கள், அதே குடையை வாடிக்கையாளர்களுக்கு விரித்து மடக்கிக் காட்டுவதும் இப்போது அவள் வேலை.

அச்சக்கா போனபோது ஓர் அம்மாவுக்கும் சின்னப் பெண்ணுக்கும் மஞ்சள் குடையை மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். கிண்ணம் டப்பென்று எழுந்து நின்றது. குழந்தை கை தட்டியது. "எப்படிம்மா எழுந்துக்குது?" என்று கேட்டது. "உள்ளே ஒரு நாக்கு இருக்கு கண்ணு," என்றாள் நாத்தனார். நிமிர்ந்தபோது அண்ணி நிற்பது தெரிந்தது. மஞ்சள் குடையை அவசரமாக முதுகுக்குப் பின்னால் மறைத்தாள், என்னவோ திருடியதைப் போல.

மழைச்சட்டைகளுக்குப் பின்னால் நின்று அச்சக்கா எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். சொல்லச் சொல்ல நாத்தனாரின் முகத்தில் ரத்தம் வற்றியது.

"அண்ணி, அந்தப் படிவம் அடிச்சுக் கொடுத்ததே நான்தான்."

"நீயா?"

"அண்ணன் வெறும் தாள்ல கையெழுத்து வாங்கப் போனாரு. நான்தான், இரு, ஒழுங்கா கட்டம் போட்டுத் தர்றேன்னு சொன்னேன். முதன்முதல்ல எப்பப் பாத்தீங்க, எங்க பாத்தீங்க, யாருக்கெல்லாம் காட்டினீங்க… கடைசிக் கட்டத்தை நானாத்தான் சேத்தேன் அண்ணி. எவ்ளோ பேருக்குத் தெரியும்னு காட்டினா நமக்குப் பலமா இருக்கும்னு நெனச்சேன்."

அவள் அழத் தொடங்கினாள். கடைச் சீருடையில் அழக்கூடாது என்பதால் ஒரு மழைச்சட்டைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அச்சக்கா அவள் முதுகைத் தடவினாள். யாரைக் கோபித்துக்கொள்வது? மோசம் செய்தவர்கள் என்று விரல் நீட்ட இந்த வீட்டில் ஒருவர்கூட இல்லையே. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திட்டுவதற்கு ஓர் ஆள் இருந்தால் பாதி பாரம் இறங்கியிருக்கும்.

"அண்ணன்கிட்டச் சொல்லாதீங்க அண்ணி. உடைஞ்சிடுவாரு."

"சொல்லாம எப்படி? வெள்ளிக்கிழமைக்குள்ள அவரைத்தான் கேக்கணும்."

"என்ன கேக்கப்போறீங்க? காட்டாதீங்கன்னு சொன்னீங்களான்னா? அவரா?" நாத்தனார் அழுகையோடு சிரித்துவிட்டாள். "வண்டில அட்டை எழுதித் தொங்கவிட்டவரு. 'என் மனைவி செய்தது, எடுத்துப் பாருங்கள்'னு."

ஐந்து மணிக்கு இருவரும் கடை வாசலில் ஆறாம் தடத்துக்குக் காத்து நின்றார்கள். வண்டி ஆறு நிமிடம் தாமதமாக, நிதானமாக வந்தது.

ஏறியதும் ஏழெட்டுப் பேர் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். "என்னக்கா, திங்கக்கிழமையா? கவலைப்படாதீங்க," என்றாள் துணிக்கடைப் பெண். பள்ளிக்கூட ஆசிரியர் எழுந்து இடம் கொடுத்தார்.

"உக்காருங்கம்மா. ரெண்டு பக்கம் எழுதியிருக்கேன். படமும் போட்டுக் கொடுத்திருக்கேன். அதைப் பாத்தா கம்பெனிக்காரன் வாயே திறக்க முடியாது."

"பாத்தேன் சார்," என்றாள் அச்சக்கா. "ரொம்ப நல்லா வரைஞ்சிருக்கீங்க." வேறு என்ன சொல்வது? அவர் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி. நன்றி வேறு சொன்னாள். கண்ணாடியில் கணவரின் கண்கள் அவளைத் தேடிச் சிரிப்பதைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். அடுத்த நடைக்கு எட்டு நிமிடம் இருந்தது. நிதானம் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இருக்கையில் திரும்பி உட்கார்ந்தார்.

"ரெண்டு பேரும் சேந்து வந்திருக்கீங்க. வக்கீலம்மா என்ன சொன்னாங்க? அசந்துட்டாங்களா?"

அச்சக்கா சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை; சுற்றி வளைத்தால் பாதியில் நின்றுவிடுவோம் என்று பயந்தாள். வக்கீலம்மா சொன்னதை அதே வரிசையில் சொன்னாள். நிதானம் ஒரு கேள்வியும் கேட்காமல், ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். சொல்லி முடித்த பிறகும் தலை ஆடிக்கொண்டிருந்தது.

"அப்ப, நான் அனுப்பாம இருந்திருந்தா?"

"அவங்களே எப்படியும் கண்டுபிடிச்சிருப்பாங்க அண்ணா," என்றாள் தங்கை அவசரமாக. அது பொய் என்று மூன்று பேருக்கும் தெரிந்தது.

"யாரு கேட்டாலும் உன் பேரைச் சொன்னேன்," என்றார் நிதானம் மனைவியைப் பார்த்து. "வேற ஒண்ணும் பண்ணல. உன் பேரைத்தான் சொன்னேன்."

அவர் எதையோ நினைத்துக்கொண்டவராகச் சட்டைப் பையைத் துழாவினார். "மத்தியானம் டிப்போவுல இதைக் கொடுத்தாங்க. அரசாங்க முத்திரை இருந்துச்சு. நல்ல சேதியாத்தான் இருக்கும், வீட்டுக்குப் போய் எல்லாரும் சேந்து பிரிக்கலாம்னு வச்சிருந்தேன்."

அச்சக்கா உறையைப் பிரித்தாள். விசாரணை அலுவலகத்தின் அழைப்பாணை. திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு நேரில் ஆஜராகி, உறுதிமொழியின்மேல் சாட்சியம் அளிக்க வேண்டும். கம்பெனி தரப்பு, முதல் சாட்சி. அதன் கீழே அவள் கணவரின் பெயர்.

அவர் தாளை வாங்கி மெதுவாகப் படித்தார். உதடு அசைந்தது.

"தப்பாப் போட்டிருக்காங்க. நான் உன் பக்கம்தானே?"

"தப்பில்லைங்க. நீங்க நடந்ததைச் சொன்னாலே அவங்களுக்குப் போதும். அதான் உங்களைக் கூப்பிட்டிருக்காங்க."

வெளியே அடுத்த நடைக்கான வரிசை நீண்டுகொண்டிருந்தது. இரண்டு மூன்று பேர் கண்ணாடி வழியாகக் கை காட்டினார்கள். நிதானம் பழக்கத்தில் கை காட்டினார்.

"வக்கீலம்மா ஒரு வழி சொன்னாங்கன்னியே. காட்டாதீங்கன்னு நான் சொல்லியிருந்தா…"

"சொன்னீங்களா?"

"நான் எங்க சொன்னேன்!" அவர் மனைவியின் கையைப் பார்த்தார். அரம் கிழித்த வடு ஆள்காட்டி விரலிலிருந்து மணிக்கட்டுவரை வெளுத்துக் கிடந்தது. "அப்படிச் சொன்னா, பேச்சை மீறினது அவங்கன்னு ஆயிடுமே. அந்த வாத்தியாரு… அந்தப் பொண்ணு…"

"ஆயிடும்."

"அவங்க மூஞ்சில எப்படி முழிக்கறது? தினம் இதே வண்டி."

நாத்தனார் எழுந்து பின்பக்க இருக்கைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். நிதானம் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிடம் இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"யாருக்கும் காட்டாதீங்கன்னு…" நின்றார். மறுபடி ஆரம்பித்தார். கண் தரையில் இருந்தது. "குடையைக் கொடுக்கும்போது, யாருக்கும் காட்டாதீங்கன்னு நான் சொன்னேன். அவங்க கேக்கல." நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். "நம்புவாங்களா?"

அந்தக் குரலைக் கேட்டால் ஒரு குழந்தைகூட நம்பாது. வேண்டாங்க, விட்டுடுங்க, போனால் போகிறது என்று சொல்ல வேண்டும் என்று அச்சக்காவுக்குத் தெரிந்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பதினோரு அச்சும், கடையில் அந்தக் குழந்தை கை தட்டியதும், கம்பெனிக் குடைப் பெட்டியின் மேல் வேறு யார் பெயரோ அச்சாகியிருந்ததும் தொண்டையில் வந்து நின்றன.

"கீழே பாக்காம," என்றாள் மெல்ல, "இன்னொரு தடவை சொல்லுங்க."